பார்க்காத கோமாளிக்காக அழுகிறேன்

கேள்வி

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கமுங்க.

எனக்கு 52 வயது. ஈரோட்டில் சின்னதாகத் தறி ஓட்டுகிறேன். சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். மனைவி, கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரே மகள். கடன் தொல்லை இல்லை, குடி இல்லை. பி.பி.க்கு ஒரு மாத்திரை போடுகிறேன், அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச மாதமாக, ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிடுகிறேன். ஒரு மணி, ரெண்டு மணி வரைக்கும் பழைய காலத்து டிவி கோமாளிகளைப் பார்க்கிறேன். நம்ம ஊர்க் கோமாளிகள்கூட இல்லை. அமெரிக்கா, ஸ்பெயின், ஜெர்மனி. பேசுவது பாதி புரியாது, மீதி சுத்தமாகப் புரியாது. பார்த்துவிட்டு அழுகிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

நான் வளர்ந்த காலத்தில் எங்கள் வீட்டில் டிவி கிடையாது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். 80களின் நடுவில் எங்கள் வீதியில் ஒவ்வொரு வீடாக ஆன்டெனா ஏறியது. இரும்புக் குழாயை உயரக் கட்டி, கொடைக்கானல் பக்கம் திருப்பி, பூஸ்டர் மாட்டுவார்கள். காற்றடித்தால் ஒருத்தர் மேலே ஏறித் திருப்புவார். உள்ளேயிருந்து "இன்னுங் கொஞ்சம்... இன்னுங் கொஞ்சம்... ஆ, அங்கியே உடு!" என்று கத்துவார்கள். எங்கள் ஓட்டுக்கு மேல் மட்டும் ஒன்றும் இல்லை. 1987 ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணம் ஆரம்பித்தபோது, ஹிந்தியில் ஒரு சொல் தெரியாத ஆத்தாமார்கூடக் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அப்பா அசையவில்லை. "அந்தப் பொட்டி வந்தா படிப்பு போயிரும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அவர் பேசுகிற ஆளே இல்லை. அடிக்கவும் மாட்டார். ஒரு பார்வை பார்ப்பார்.

பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கவும் விடமாட்டார். "ஒருத்தர் வூட்டு வாசல்ல போயி நிக்கறது நமக்கு வேண்டாங் கண்ணு" என்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒளியும் ஒலியும் ஓடும் நேரம் வீதியே அடங்கிப்போகும். நானும் அக்காவும் உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்போம். சுவர் வழியாகப் பாட்டு மட்டும் கேட்கும். இந்தப் பாட்டுக்கு யார் ஆடுகிறார்கள், என்ன கலர் சேலை, எந்த மலை என்று அக்கா சொல்லிக்கொண்டே வருவாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது. எல்லாம் அவளாக இட்டுக்கட்டுவது. ரேடியோ இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. கோவை வானொலி, இலங்கை வானொலி இரண்டும் கேட்போம்.

ஒரே ஒரு தடவை, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது, அப்பாவே எங்களைப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். எங்களை உள்ளே அனுப்பிவிட்டு அவர் நிலைப்படியிலேயே நின்று பார்த்தார். அந்த வீட்டுக்காரர் எத்தனை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

இதெல்லாம் நான் மறந்தே போயிருந்தேன். போன வருசம் பள்ளித் தோழர்கள் சேர்ந்து வாட்ஸப் குழு ஆரம்பித்தார்கள். ஒருத்தன் அதில் டெலிமேட்ச் வீடியோ ஒன்றைப் போட்டான். ஜெர்மனியில் எடுத்த போட்டி நிகழ்ச்சி, அந்தக் காலத்தில் தூர்தர்ஷனில் வந்ததாம். பெரிய பெரிய தலை வைத்த பொம்மை உடுப்புக்குள் ஆட்கள் புகுந்துகொண்டு ஓடுகிறார்கள், வழுக்கி விழுகிறார்கள், தண்ணீரில் புரண்டு எழுகிறார்கள். குழுவில் எல்லோருக்கும் ஒரே குஷி. ஜெயன்ட் ரோபோட், ஸ்பைடர்மேன் என்று அடுக்கினார்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. அப்போது ஒருத்தன், "நீயுந்தான எங்கூட்டுல வந்து பாத்த" என்று எனக்குப் போட்டான். எனக்கு அப்படி ஒரு ஞாபகமே கிடையாது. ஆனால் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு, அவன் வீட்டுச் சிவப்புத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நானும் பார்த்ததாகவே இருக்கிறது. டிவிப் பெட்டிக்கு இருந்த மரக்கதவுகூடக் கண்ணில் தெரிகிறது. இது நிஜமா, என் மூளை குழம்புகிறதா? மறதி நோய் இப்படித்தான் ஆரம்பிக்குமா?

அங்கிருந்துதான் ஒன்று மாற்றி ஒன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் போசோ என்று ஒரு கோமாளி, சிவப்பு முடி இரண்டு பக்கமும் விறைத்து நிற்கும். ஸ்பெயினில் காபி, ஃபோஃபோ, மிலிக்கி என்று மூன்று பேர். மேடைக்கு வந்ததும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்கள். கூடாரம் நிறைய உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் "நல்லா இருக்கோம்!" என்று ஒரே குரலில் அலறும். இதெல்லாம் பரவாயில்லை. கிளாராபெல் என்று ஒரு கோமாளி, ஹௌடி டூடி என்ற அமெரிக்க நிகழ்ச்சியில். அவன் பேசவே மாட்டான். இடுப்பில் கட்டியிருக்கும் பெட்டியிலிருந்து ஹாரன் அடிப்பான், அதுதான் அவன் பேச்சு. 1960 செப்டம்பரில் கடைசி நாள் நிகழ்ச்சி. இவனுக்குப் பேச வருமாம், இத்தனை நாளாகப் பேசாமல் இருந்திருக்கிறான் என்கிறார்கள். கேமரா முகத்துக்குக் கிட்டே போகிறது. உதடு நடுங்குகிறது. "போயிட்டு வர்றேன், பசங்களா" என்கிறான். அவ்வளவுதான் அம்மா. நான் விம்மி விம்மி அழுதேன். மனைவி எழுந்து வந்து, யாரோ தவறிவிட்டார்கள் என்று பயந்துவிட்டாள்.

அப்பா இறந்து ஒரு வருசம் தாண்டிவிட்டது. வருசத் திதியும் கொடுத்தாயிற்று. அவர் இறந்த அன்றைக்கு எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

இப்போது அவர் மேல் கோபம் கோபமாக வருகிறது. ஒரு பெட்டி வாங்கித் தந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை, மாரியம்மன் நோம்பிக்கு விடிய விடிய கூத்து நடந்தபோது, கோமாளி வந்து ஏதோ சொல்ல, திரும்பிப் பார்த்தால் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மனைவி, "ஏனுங்க, அந்த மூஞ்சியப் பாத்தாவே எனக்கு ஒடம்பு நடுங்குது, இதையப் போயி நடுராத்திரியில பாக்கறீங்களே" என்கிறாள். மகள், "உங்களுக்கு சைல்டுஹுட் ட்ராமாங்ப்பா" என்று சிரிக்கிறாள். அம்மா ஊரில் அக்காவோடு இருக்கிறார். அவர்களிடம் இதைச் சொல்லவில்லை.

டிவி இல்லாமல் வளர்ந்ததால் எனக்குள் ஏதாவது குறை விழுந்துவிட்டதா? இந்தப் பழக்கத்தை நிறுத்தியே ஆக வேண்டுமா? வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஈரோடு வாசகர்

பதில்

அன்புள்ள ஐயா,

மறதி நோய் பயத்தை முதலில் எடுத்துவிடுகிறேன். அந்த நோய் பெரும்பாலும் அண்மை விஷயங்களில்தான் கைவைக்கத் தொடங்கும். நேற்று யாருக்குப் பணம் கொடுத்தோம், நூல் எத்தனை பை வந்தது, சொன்னதையே மறுபடி சொல்கிறோமா என்பதெல்லாம் தடுமாறும். உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை. நடந்திருப்பது எல்லா மூளையும் செய்கிற வேலை. நினைவு என்பது பீரோவில் மடித்து வைத்த பொருளல்ல. எடுக்கும்போதெல்லாம் புதிதாகத் தைக்கப்படுகிறது. 1995இல் எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளரும் அவருடன் ஆய்வு செய்த ஜாக்குலின் பிக்ரெலும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 24 பேரிடம் அவர்களுடைய சிறுவயதுச் சம்பவங்கள் என்று நான்கு கதைகளைக் கொடுத்தார்கள். மூன்று, வீட்டாரிடம் கேட்டு வாங்கிய உண்மைச் சம்பவங்கள். நான்காவது, கடைவளாகத்தில் தொலைந்துபோய் அழுதது என்று கட்டிவிட்ட கதை. ஏறக்குறைய நாலில் ஒருவர் அந்த நடக்காத கதையையும் முழுதாகவோ அரைகுறையாகவோ ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்.

உங்களுக்கு அதற்கு வேண்டிய சரக்கு எல்லாமே கிடைத்திருக்கிறது. நம்பிக்கையான தோழர் "நீயும் பாத்த" என்றார். படம் கையிலேயே இருக்கிறது. சிவப்புத் தரையும் மரக்கதவும் வேறு ஏதோ வேலையாக அந்த வீட்டுக்குப் போனபோது பார்த்ததாக இருக்கலாம். அல்லது அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு நாள் போயிருப்பீர்கள், பயத்தில் அதை அமுக்கி வைத்திருப்பீர்கள். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க எந்தப் பரிசோதனையும் கிடையாது. தோழரைக் கூப்பிட்டு விசாரணை நடத்தவும் வேண்டாம். அவர் ஞாபகமும் இதே தறியில் நெய்ததுதான்.

டிவி இல்லாததால் குறை விழுந்ததா என்று கேட்கிறீர்கள். உலகமெங்கும் டிவி பரவிய காலத்தில் இதே கேள்வியை ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள். கனடாவில், பள்ளத்தாக்கில் இருந்ததால் அலை எட்டாமல் போன ஒரு சிற்றூருக்கு 1973இல் டிவி வரப்போகிறது என்று தெரிந்ததும், டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் தம் குழுவோடு முன்கூட்டியே போய்ப் பிள்ளைகளைச் சோதித்து வைத்தார். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி சோதித்தார். டிவி வருவதற்கு முன் அந்த ஊர்ப் பிள்ளைகள் புதிதாக யோசிக்கும் சோதனையில் பக்கத்து ஊர்களைவிட நன்றாகச் செய்தார்கள். வந்த பிறகு அந்த வித்தியாசம் போய்விட்டது. அடிதடியும் வாய்ச்சண்டையும் கூடின. உங்கள் அப்பா இதைப் படித்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்! ஆனால் அட்லாண்டிக் கடலில் இருக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கு 1995இல் டிவி வந்தபோது, டோனி சார்ல்டன் குழுவினர் பள்ளி விளையாட்டுத் திடலில் பிள்ளைகளை வருடக்கணக்கில் கவனித்தார்கள். நடத்தை கெடவில்லை. ஆகவே பெட்டி மட்டும் ஒரு பிள்ளையை ஆக்கிவிடுவதும் இல்லை, அழித்துவிடுவதும் இல்லை. சுற்றி இருக்கும் வீடும் ஊரும்தான் பெரும்பங்கு.

உங்கள் அக்கா சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சேலைக்குக் கலரும் பாட்டுக்கு மலையும் போட்டாரே, அதைத்தான் அந்தக் கனடா ஆய்வு அளக்கப் பார்த்தது. அந்த வரியைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. எங்கள் வீட்டில் டிவி இருந்தது. பாட்டுக்கு யார் ஆடினார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதில் ஒன்றுகூட இப்போது கண்ணில் நிற்கவில்லை.

ஆனால் இதைச் சொல்லி உங்கள் வலியைத் துடைத்துவிட முடியாது. நீங்கள் இழந்தது நிகழ்ச்சியை அல்ல, நிகழ்ச்சி முடிந்த பிறகு நடந்த பேச்சை. திங்கட்கிழமை வகுப்பில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசும்போது வாயைத் திறக்க முடியாமல் நின்றிருப்பீர்கள். பதின்மூன்று வயதில் அது சின்ன விஷயமில்லை. ஐம்பது வயதில் அதே தோழர்கள் வாட்ஸப்பில் கூடியதும், அதே வாய்மூடல் திரும்பவும் வந்துவிட்டது. குழுவில் ஒன்றும் எழுதவில்லை என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதற்கு மருந்து சுலபம். "எங்கூட்டுல டிவி இல்லடா, நீங்க பேசறதக் கேட்டுத்தான் நான் ஜெயன்ட் ரோபோட் பாத்தேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தக் குழுவில் டிவி இல்லாத வீட்டுப் பிள்ளை நீங்கள் ஒருவர் மட்டும் என்று நான் நம்பவில்லை. 80களில் நம் கிராமங்களில் எத்தனை வீட்டில் பெட்டி இருந்தது? வாசலில் நின்றும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டும் பார்த்தவர்கள்தான் அதிகம். "நீ வெளிய நில்லு" என்று சொல்லப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் அதை இன்னும் யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம்.

அடுத்தது, ஏன் கோமாளி? தேடிப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. சுவர் வழியாகக் கேட்ட பாட்டுகளையே இன்றைக்குப் படத்தோடு பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். நீங்கள் அங்கே போகவில்லை. கேமராவைப் பார்த்து, பிள்ளைகளிடம் நேராகப் பேசுகிற பெரியவர்களைத் தேடிப் போயிருக்கிறீர்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற ஆட்கள். இன்னொன்றும் சொல்கிறேன். போசோ ஒரே ஆள் இல்லை. லாரி ஹார்மன் என்பவர் உரிமையை வாங்கி, ஊர் ஊராக இருந்த டிவி நிலையங்களுக்குக் கொடுத்தார். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு போசோ. சிகாகோ நிகழ்ச்சி 1961 முதல் 2001 வரை ஓடியது. அதை நேரில் உட்கார்ந்து பார்க்கும் டிக்கெட்டுக்குக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. வீட்டில் பெட்டி இருந்த பிள்ளைக்கும் அரங்குக்குள் இடமில்லை. ஸ்பெயின் மூவரில் ஃபோஃபோ 1976இலேயே இறந்துவிட்டார். அந்த நாட்டில் உங்கள் வயதுக்காரர்கள் அந்தப் படங்களைப் பார்த்து அழுதால் அதிலும் ஒரு சாவு கலந்துதான் இருக்கும். நீங்கள் ஏங்குகிற அந்த நிறைவான பிள்ளைப்பருவம், வீடியோவில் இருக்கிற அளவுக்கு அங்கேயும் யாருக்கும் வாய்த்ததில்லை.

கிளாராபெல்லுக்கு வருகிறேன். 1947 கடைசியில் தொடங்கிய நிகழ்ச்சி அது. ஆட்கள் மாறினார்கள், கோமாளி மட்டும் பேசவில்லை. கடைசி நாள் அந்த உடுப்பில் இருந்தவர் லியூ ஆண்டர்சன். பல ஆண்டு பேசாத ஒருவர், போகும்போது பிள்ளைகளைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். நீங்கள் உடைந்துபோனீர்கள். அதற்கு அடுத்த பத்தியிலேயே, அப்பா இறந்தபோது கண்ணீர் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் நான் முடிச்சுப் போடக்கூடாது. ஆனால் நீங்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். அதனால் ஒன்று கேட்கிறேன். கடைசி நாட்களில் அப்பா உங்களிடம் ஏதாவது சொன்னாரா? சொல்ல வேண்டும் என்று எதையாவது எதிர்பார்த்தீர்களா? பதிலை எனக்கு எழுத வேண்டாம்.

நம் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் மகனுக்கு அழ எங்கே நேரம்? பந்தல் போடச் சொல்ல வேண்டும். ஒறம்பரைக்கு ஆள் அனுப்ப வேண்டும். சாப்பாடு, வண்டி, கணக்கு எல்லாம் அவன் தலையில். பெண்களுக்காவது ஒப்பாரி இருக்கிறது. கொள்ளி வைத்தவனிடம் "தைரியமா இரு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவனும் இருந்துவிடுகிறான். அப்படித் தள்ளிவைத்த அழுகை, சம்பந்தமில்லாத இடத்தில் வந்து நிற்பதை என் ஆலோசனை அறையில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு அது விளம்பரத்தைப் பார்த்து வந்தது. உங்களுக்குக் கோமாளி. இதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை.

கோபத்தையும் பேசிவிடுவோம். செத்தவர் மேல் கோபம் வரக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. நேர்மையான காரணத்துக்காகவே அப்பா மறுத்திருந்தாலும், அந்தப் பையன் தனியாக நின்றது நிஜம். ஆனால் காரணம் படிப்பு மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்தால் செலவா ஆகிவிடும்? ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில் படிப்பு போய்விடுமா? "ஒருத்தர் வூட்டு வாசல்ல போயி நிக்கறது நமக்கு வேண்டாம்" என்பதில் படிப்பே இல்லை. அது வேறு எதையோ பற்றிய பேச்சு. எம்.ஜி.ஆர். இறந்த அன்று அவரே ஒரு வீட்டு நிலைப்படியில் நின்றார், கூப்பிட்டும் உள்ளே போகவில்லை. சின்ன வயதில் எந்த வாசலிலாவது நிறுத்தி வைக்கப்பட்டிருப்பாரோ என்று தோன்றுகிறது. அதோடு, அன்றைக்கு ஒரு டிவிப் பெட்டி என்பது வாத்தியார் சம்பளத்துக்குப் பெரிய செலவு. வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் வேறு. நம் பக்கத்து அப்பன்மார் பிள்ளைகளிடம் "காசில்லை" என்று சொல்வது அபூர்வம். "வேண்டாம்" என்பார்கள். கேட்கிற பிள்ளைக்கு அது கொள்கையாகப் படும்.

இதெல்லாம் என் ஊகம். தெரிந்தவர் உங்கள் அம்மா. ஒரு நாள் தறியை ஆளிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போங்கள். "நம்மூட்டுல ஏன் டிவி வாங்கல" என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் அப்பாவுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுவார். "அப்பா எதுக்கும்மா அடுத்தவிய வூட்டுக்குள்ள போக மாட்டாரு?" என்று கேட்டுவிட்டுப் பொட்டாட்ட இருங்கள். கிடைக்கிற பதில் அப்பாவை நல்லவராக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். வெறும் பிடிவாதம் என்றுகூட இருக்கலாம். அப்படியிருந்தாலும் தெரிந்துகொண்டு கோபப்படலாம். அக்காவும் அங்கேதான் இருக்கிறார். அந்தக் கோமாளியின் கடைசி நாள் வீடியோவை அவருக்கும் காட்டுங்கள், ஆனால் கதையை முன்னால் சொல்லிவிடாதீர்கள். அவர் என்ன கதை கட்டுகிறார் என்று கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

அந்தக் கூத்து ராத்திரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பா சிரித்துப் பார்த்ததில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே சிரித்ததை எழுதியிருக்கிறீர்கள். சிரிக்கத் தெரியாதவர் இல்லை, பிள்ளை முன்னால் சிரிக்க முடியாதவர். அந்தத் தலைமுறை வாத்தியார்களில் இப்படிப் பலர் உண்டு. பள்ளிக்கூடத்து முகத்தை வீட்டுக்கு வந்தும் கழற்றமாட்டார்கள். உங்கள் மகள் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள், கேலி பண்ணுகிறாள். அதை அவள் உங்களிடம் பயமில்லாமல் செய்கிறாள், கவனித்தீர்களா? 'ட்ராமா' என்கிற சொல் மட்டும் இப்போது ரொம்ப மலிந்துவிட்டது, உங்களுக்கு அது பொருந்தாது என்று அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வார இறுதியில் அவள் வரும்போது சுவர்வழிப் பாட்டுக் கதையைச் சொல்லுங்கள். அது அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

மனைவி சொல்வதையும் தட்டிவிடாதீர்கள். வெள்ளை பூசிய முகம், எப்போதும் சிரித்தபடியே வரைந்த வாய். உள்ளே இருப்பவர் கோபமாக இருக்கிறாரா, அழுகிறாரா என்று பார்க்கிறவருக்குப் பிடிபடாது. ஆள் முகத்தைப் படித்தே பழகிய நமக்கு அது ஒரு கலக்கம். குழந்தைகளில் மட்டுமல்ல, பெரியவர்களில் நிறைய பேருக்கு இந்தப் பயம் உண்டு. இருட்டில் எழுந்துவந்து, கணவர் கையில் அந்த முகம் ஒளிர்வதைப் பார்த்தால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும்.

பார்ப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், நேரத்தை மாற்றச் சொல்கிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு, விளக்கைப் போட்டுக்கொண்டு, கூடத்து டிவியில் சத்தமாக வைத்துப் பாருங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள், பாதித் தூக்கம் அதில்தான் போகிறது. பத்து மணிக்கு மேல் போன் சமையலறையில் சார்ஜில் கிடக்கட்டும். பி.பி. இருக்கிறவர் ரெண்டு மணி வரை விழிப்பது நல்லதில்லை. அடுத்த தடவை பி.பி. பார்க்கப் போகும்போது மருத்துவரிடம் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும், மனைவி பக்கத்தில் இருக்கும்போதே வரட்டும். "எங்கப்பா ஞாபகம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

இத்தனையும் செய்து தூக்கம் திரும்பாமல், இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் கனத்தே இருந்தால், தறிப்பக்கம் போகவே பிடிக்காமல் போனால், சாப்பாடு இறங்காவிட்டால், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தால்கூட, காத்திருக்க வேண்டாம். ஓராண்டு தாண்டியும் அன்றாட வேலையைக் கெடுக்கிற துக்கத்துக்கு இப்போது தனியாகவே சிகிச்சை முறை இருக்கிறது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். போகக் கூச்சமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். இலவசம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.